கர்ப்பம் எங்கே இருக்கிறது?

சுவீடனில் என் எதிர்வீட்டுப் பெண் மாதக்கணக்கில் பெரிய வயிற்றோடு மாடி ஏறினாள். நானும் "ஹேய்" என்பேன், அவளும் "ஹேய்" என்பாள். அதற்குமேல் மூச்! அவளாகச் சொல்லாமல் நாம் கேட்கக்கூடாதாம். கேட்காமல் எனக்கு வாய் நமநமத்துத் தவித்துவிட்டது.

எங்கள் ஊர் புதுவாயலில் நடக்குமா இது? விடுமுறைக்குப் போயிருந்தபோது எனக்கு நாள் தள்ளிப்போனது. கல்யாணமாகிப் பல வருடம் ஏங்கிய பிறகு, ஸ்ட்ரிப்பில் இரண்டு கோடு! எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா அன்றே தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்துவிட்டாள்.

கும்மிடிப்பூண்டி லேபில் ரத்தம் எடுத்ததில் ஹெச்சிஜி என்கிற கர்ப்ப ஹார்மோன் ஏறியிருந்தது. ஆனால் திருவள்ளூர் டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கர்ப்பப்பையில ஒண்ணும் தெரியலம்மா. ரொம்ப இளசா இருக்கலாம். கருக்குழாய்ல தங்கியிருக்கலாம். கலையறதாவும் இருக்கலாம். கரு உருவாகாம முத்து முத்தா வளர்ற முத்துப்பிள்ளைன்னா ஹார்மோன் தாறுமாறா ஏறும், உனக்கு அப்படித் தெரியல. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி ரத்தம் எடு, நல்ல கர்ப்பம்னா ஏறக்குறைய ரெட்டிப்பாகும். நடுவுல ஒரு பக்கமா வலிச்சாலோ, தோள்பட்டை வலிச்சாலோ, மயக்கம் வந்தாலோ உடனே ஓடி வந்துடணும்."

குழாய் வெடித்தால் என் உயிருக்கே ஆபத்தாம்.

அம்மாவுக்கோ வேறு கவலை. "அந்த லேப்ல எல்லாம் தெரிஞ்சவங்கடி. கண்ணு பட்டுடுச்சு. காக்களூர் லேப்ல யாருக்கும் தெரியாம எடுத்துக்கினு வந்துடலாம்!" தெருவுக்கே இனிப்புக் கொடுத்தவள் பேச்சு இது! நானும் போனேன். ஹார்மோன் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. குழாய்க் கர்ப்பம்தான் என்று பஸ்ஸிலேயே அழுது தீர்த்தேன்.

டாக்டரம்மா இரண்டு ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டுக் கத்தினார். "லேபுக்கு லேப் மிஷின் மாறும். இதையும் அதையும் வெச்சு நான் என்னத்தச் சொல்றது? ஒரே லேப்ல எடும்மா!"

இரண்டு நாள் கழித்து மறுபடி காக்களூர். அம்மாடி! இரட்டிப்புக்கு மேல் ஏறியிருந்தது. "குதிக்காத, ஸ்கேன்தான் முடிவு சொல்லணும்" என்றார் டாக்டரம்மா. அடுத்த வாரம் ஸ்கேன் திரையைத் திருப்பிக் காட்டினார். "தோ பாரு, உள்ளதான் இருக்கு!" கருப்பையின் நடுவே குட்டியாக ஒரு வட்டம், அதற்குள் இன்னொரு வளையம். அம்மா வெளியே ஓடி, முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு முழுகாம இருக்கா!" என்று கூவினாள். கண்ணாவது, திருஷ்டியாவது! நானும் சேர்ந்து கூவினேன்.

சுவீடன் திரும்பியதும் இங்கே மருத்துவச்சி குரலைத் தாழ்த்திக் கேட்டாள், யாருக்கெல்லாம் தெரியும் என்று.

"ஊருக்கே" என்றேன்.

ரகசியம் கசிந்துவிட்டதே என்று பதறி அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! சிரிப்பை அடக்குவதற்குள், பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வதாக உத்தேசம் என்றாள். நேரம் பார்த்துப் பையில் போன் அடித்தது. அம்மாதான்.

"தலைப்பிரசவம் நம்ம ஊட்லதான்டி. எப்ப வர்ற?"

இரண்டு பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். வயிற்றில் கை வைத்துக்கொண்டேன். குழந்தை அதன் இடத்தில் பத்திரமாக இருந்தது. என் இடம்தான் எந்த ஸ்கேனிலும் தெரியவில்லை.