சாத்தூரிலிருந்து ஒரு கை

முஸ்லிம் வீடு என்றால் இந்தி தெரிந்திருக்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. எத்தனை முறை மறுத்தாலும் போவதில்லை. என் தாத்தாவும் அவருடைய தாத்தாவும் சாத்தூர்க் கடைவீதியில் தமிழில் விலை சொல்லி, தமிழில் சண்டை போட்டு, தமிழிலேயே மௌத்தானவர்கள். எனக்குத் தெரிந்த இந்தி, டிவி விளம்பரத்தில் வரும் இரண்டு வார்த்தை. இருந்தும் அச்சங்குளத்து அக்கா ஒரு நாள் மத்தியானம் ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் துணிக்கடைக்குள் வந்தாள்.

"பாயம்மா, இந்தப் பிள்ளை பஸ் ஸ்டாண்டுல போனைக் கையில வச்சிக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்துச்சு. என்னன்னு கேளுங்க. நீங்க இந்தி பேசுவீகள்ல."

நானும் விடவில்லை. விளம்பரத்து வார்த்தை இரண்டையும் எடுத்து விட்டேன். அவற்றில் ஒன்று சோப்பைப் பற்றியது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு பட்டாசுக் கம்பெனியின் செட்டில், அதாவது வேலைக் கொட்டகையில், கற்ற அசல் சாத்தூர்த் தமிழில் சொன்னாள்: "எனக்குத் தமிழ் வரும்க்கா. இவுக பேசவே விடமாட்டேங்காக."

அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். ஆனால் அந்தப் பெண் அடுத்துச் சொன்னதில் என் சிரிப்பு நின்றது. அவள் ஊரில் அவளுக்குக் காரியம் செய்து, சாவுச் சாப்பாடும் போட்டு முடித்துவிட்டார்களாம். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் வேலை பார்க்கும் அவள் ஊர்ப்பக்கத்துப் பெண் போனில் சொல்லித்தான் இவளுக்கே தெரியும். பட்டாசு வெடி விபத்தில் செத்துப்போனாள் என்று புருஷன் சொல்லியிருக்கிறான். ஊரும் நம்பியிருக்கிறது. சிவகாசி என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்?

அவள் ஜார்க்கண்டில் ஒரு மலையடிவாரத்து ஆதிவாசிக் கிராமத்துக்காரி. புருஷனின் அடி தாங்காமல் ஆள் எடுக்க வந்த ஏஜென்ட்டின் கூட்டத்தோடு ரயிலேறி, அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வந்து சேர்ந்தவள். இப்படி ஓடிவரும் பெண்களுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தோம். எங்கள் கூட்டத்துக்குப் பெயரும் கிடையாது, போர்டும் கிடையாது. பட்டாசுக் கம்பெனிக்குள் நைலான் துணி கூடாது, பருத்திதான் உடுத்த வேண்டும் என்பதால் வேலைக்குப் போகிற பெண்கள் பாதிப்பேர் என் கடைக்குத்தான் நைட்டி வாங்க வருவார்கள். நைட்டியை விரித்துப் பார்க்கிற சாக்கில் உடம்பில் உள்ள காயத்தையும் காட்டிவிடுவார்கள். அக்காவுக்கு அப்பன் ஆத்தா காலத்தில் காடு கழனி வேலை, இவள் காலத்தில் பட்டாசு வேலை. அவளுக்கு வாய் நீளம், எனக்குக் கோபம் ஜாஸ்தி. கூட்டம் நடத்த இது போதும்.

அன்று நான் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னேன், செத்ததும் நல்லதுக்குத்தான் என்று. செத்தவளை எந்தப் புருஷன் தேடுவான்? இனி நிம்மதியாக இரு என்றேன். அக்காவும் ஆமாம் போட்டாள். அவளும் தலையை ஆட்டினாள். தட்டு நிறைய வெள்ளரிப்பிஞ்சு நறுக்கி வைத்து, உயிரோடு இருக்கும்போதே தன் சாவுச் சாப்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டவள் என்று அவளைக் கேலி பண்ணிக்கொண்டே சாப்பிட்டோம். ஓடிப்போன பெண்டாட்டியால் வந்த வெட்கத்தை மறைக்கத்தான் அவன் பொய் சொல்லியிருக்கிறான் என்று எல்லோருமே நினைத்தோம்.

வெட்கமாவது ஒன்றாவது. தீபாவளி சீசன் சூடு பிடித்த நேரத்தில் பிரஸ்காரப் பெண் அடுத்த சேதியோடு நேரிலேயே வந்தாள். அந்த மலையில் சுரங்கம் வரப்போகிறது. இடத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று ஊர்க்கூட்டத்தில் கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். மலையடிவாரத்து நிலத்துக்குப் பட்டா இவள் பேரிலும் புருஷன் பேரிலும் சேர்ந்து இருக்கிறது. இவள் செத்துவிட்டால் அந்த நிலத்துக்குப் பேச அவன் ஒருத்தன்தான். அவன் ஏற்கெனவே சுரங்கக்காரர்களின் வண்டியில் போய்வருகிறானாம். இவளைச் சாகடித்த காரணம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் வாயைத் திறந்து நான் சொன்னது, உயிர்தான் முக்கியம், நிலம் போனால் போகட்டும் என்பதுதான். நீ உயிரோடு இருப்பது ஊருக்குத் தெரிந்தால் அவன் வருவான், வந்தால் சும்மா போகமாட்டான் என்றேன். அவள் அதுவரை என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினாள்.

"அந்தப் பட்டாவுக்கு நாங்க பொம்பளைகதான் நடையா நடந்தோம் பாயம்மா. ஆபீஸ் வாசல்லயே சோறு பொங்கித் தின்னோம். அவன் ஒருநாள்கூட வரல. அடிக்குப் பயந்து ஓடியாந்தேன், நிலத்தை விட்டுக்குடுத்துட்டு வரல."

என் கடையை எவனாவது தன்னுடையது என்று சொன்னால் நான் அவனை முழக்கோலால் அடித்தே விரட்டுவேன் என்பது என் மனதுக்குத் தெரியும்.

வழி சொன்னது அச்சங்குளத்து அக்கா. அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எங்காவது ஒரு கம்பெனியில் வெடிச்சத்தம் கேட்டால், மற்ற கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களெல்லாம் கையில் உள்ளதை அப்படியே போட்டுவிட்டு ரோட்டோரம் வந்து வரிசையாக நிற்பார்கள். செட்டுக்குள் போன் கொண்டுபோக முடியாது, கூப்பிட்டுச் சொல்ல முடியாது. ஊரிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவருகிறவர்கள் தங்கள் வீட்டு முகத்தைப் பார்த்தால்தான் மூச்சு விடுவார்கள். பெண்கள் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் மறுபடி உள்ளே போவார்கள். எவ்வளவு பெரிய லோடு காத்துக்கிடந்தாலும் இதற்கு மட்டும் போர்மேன் வாயைத் திறக்க மாட்டார்.

"சத்தம் கேட்டா மொத வேலை முகத்தைக் காட்டுறது. ஒன் ஊருக்குச் சத்தம் கேட்டுருச்சு. நீ இன்னும் முகத்தைக் காட்டல, அம்புட்டுத்தான்" என்றாள் அக்கா.

அந்த நிமிடத்திலிருந்து எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஊர்க்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக்கு லீவு. அவள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரியிடம் போன் இருந்தது. பட்டாவுக்காக இவளோடு சேர்ந்து நடந்தவள் அவள். பிரஸ்காரப் பெண் அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அவள் அரைநாள் அழுதுவிட்டு, பிறகு திட்டம் போட ஆரம்பித்துவிட்டாளாம். விருதுநகரில் எங்களுக்குத் தெரிந்த வக்கீலம்மா, எதற்கும் இருக்கட்டும் என்று மகளிர் காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனு கொடுக்க வைத்தார். ஊர்க்கூட்டத்துக்கு வீடியோ காலில் வந்தால் செல்லுமா என்று நான் கேட்டேன். செல்லாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார். வக்கீல்களிடம் எனக்குப் பிடித்தது இந்த ஒன்றுதான்.

என் கடை மாடியில் ஏற்பாடு. ஒரே ஒரு கண்டிஷன் நான் போட்டேன்: சிவகாசிப் பக்கம் என்பதற்கு மேல் அவனுக்கு எதுவும் தெரியாது, அதனால் இருக்கிற ஊரைச் சொல்லக் கூடாது, காட்டவும் கூடாது. அதற்காக அலமாரிக்கு முன்னால் ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கட்டினேன். முகம் மட்டும் தெரியட்டும். அவளை அந்தப் பேச்சுக்கு மூன்று நான்கு தரம் பழக்கினேன். ஊரைக் கேட்டால் என்ன சொல்வாய் என்பேன். பத்திரமாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்வேன் என்பாள். சரி என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளோடு நாலு பேர் வருவார்கள் என்று பார்த்தால், செட்டே வந்து இறங்கிவிட்டது. தலை நிறையப் பூவும், எண்ணெய்க் காகிதத்தில் காராச்சேவுமாகக் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி படியேறினார்கள். கீழே கல்லாவில் இருந்த என் வீட்டுக்காரர், மாடி தாங்குமா என்று மட்டும் கேட்டார். தாங்காவிட்டால் நீங்கள் தாங்குங்கள் என்று சொல்லிவிட்டு மேலே ஓடினேன். எல்லோரையும் விரிப்புக்குப் பின்னால் தள்ளி, மூச்சு விடக் கூடாது என்று மிரட்டி வைத்தேன்.

கால் வந்தது. திரையில் ஒரு பெரிய மரமும் அதன் கீழே ஜனமும் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஏதோ கத்தினாள். பெண்கள் எழுந்து போனை நோக்கி ஓடிவந்த ஓட்டத்தில் திரை முழுக்கக் கையும் கன்னமும்தான். ஒருத்தி போன் கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள். என் பக்கத்தில் நின்ற பிரஸ்காரப் பெண் என் காதில் மொழிபெயர்த்தாள்: உன் சாவுச் சோற்றைத் தின்றுவிட்டோமடி, வந்து மறுபடி போடு, இது உன் கணக்கில் பாக்கி என்கிறார்களாம். நான் சிரித்தேன், அழுதேன், எதை எப்போது செய்தேன் என்று ஞாபகமில்லை.

அப்போது அவன் எழுந்தான். புருஷன் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது, இவள் கழுத்து விறைத்துப் போனது. இப்போதெல்லாம் போனில் செத்தவர்களையே பேச வைக்கிறார்கள், இதுவும் அப்படி ஒரு வித்தை என்றான். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நானே கூட அப்படி ஒரு வீடியோவைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன். ஊர்த்தலைவர் வயசானவர், அவசரப்படவில்லை. நீ உயிரோடு இருப்பது நிஜம் என்றால் எங்கே இருக்கிறாய், பின்னால் ஏன் துணி என்று கேட்டார்.

பத்திரமாக இருக்கிறேன் என்று சொல் என்று நான் கையால் ஜாடை காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்தாள். இரண்டு கையாலும் விரிப்பைப் பிடித்து ஒரே இழுப்பு. ஆணியோடு வந்துவிட்டது. பின்னால் அலமாரி அலமாரியாக நைட்டிகள், நடுவில் வாயில் சேவோடு அச்சங்குளத்துப் பெண்கள். சாத்தூர் என்றாள் அவள். அச்சங்குளம் என்றாள். எந்த ரயிலில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பதையும் அவனைப் பார்த்தே சொன்னாள். பிறகு தலைவரைப் பார்த்து, உங்கள் ஆடு என் அவரைக்கொடியை மேய்ந்ததற்கு இன்னும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இதையும் போனா கற்றுக்கொண்டு பேசும் என்று கேட்டாளாம். மரத்தடி முழுக்கச் சிரிப்பு. தலைவரும் சிரித்தார்.

அவன் வந்தானா என்று கேட்பீர்கள், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வந்தான். கம்பெனி வேன் நிற்கும் இடத்தில் வந்து நின்றவனைப் பெண்கள் சுற்றி நின்று, சாப்பிட்டீகளா என்று மரியாதையாகக் கேட்டு, அப்படியே நடத்திக்கொண்டு போய்க் காவல் நிலையத்தில் விட்டார்கள். இனி வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவன் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. மறுபடி வரமாட்டான் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நாங்கள் இன்னும் வேனடியில் ஒரு கண் வைத்துத்தான் இருக்கிறோம்.

அன்றைக்கு மரத்தடியில் சிரிப்பு அடங்கியதும் தலைவர் எழுந்தார். மலையைக் கொடுக்கக் கூடாது என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். பிரஸ்காரப் பெண் இதை என் காதில் சொன்னாள். அங்கே கைகள் எழுந்தன. இங்கே இவள் கை எழுந்தது. அதைப் பார்த்ததும் அக்கா தன் கையைத் தூக்கினாள். அக்கா தூக்கியதும் செட்டே தூக்கியது. நானும் தூக்கினேன், இரண்டு கையையும். அவளுக்காக ஓடியதெல்லாம் நாங்கள்தானே, இந்த மலை இனி எங்களுக்கும் மலைதான் என்று மனசு துள்ளியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். கையை மட்டும் இறக்கவில்லை.

"எல்லாரும் கையை இறக்குங்க பாயம்மா. எங்க மலைக்கு நான்தான் சொல்லணும்."

இறக்கினோம். அங்கே எண்ணிக்கொண்டு வந்தவர் போனுக்கு முன்னால் வந்து நின்றார். குனிந்து பார்த்தார். அவளுடைய கையை எண்ணிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.