கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் பெயர்

என் அத்தைக்கு இருபத்தாறு வயதானபோதுதான் சைகோனில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை ஒருவர் அமைந்தார். மாப்பிள்ளை வீட்டார் நகை நட்டு பற்றி அதிகம் பேசவில்லை. நாங்கள் எந்த வம்சம் என்பதற்கு ஒரு காகிதம் வேண்டும் என்றார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா பெரிய குடும்பத்துப் பிள்ளை என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

ஒரு நாள் காலை அவர் என்னை மேரிக்கு அழைத்துப் போனார். பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் நகராட்சிக் கட்டடத்தை அப்படித்தான் சொல்வோம். அப்பாவுக்குப் பிரெஞ்சு பேச வரும், படிக்க வராது. நான் கன்னியாஸ்திரீகள் பள்ளியில் நாலு வருஷம் படித்தவள், வயது ஒன்பது.

முன்னொரு காலத்தில் வீடு வீடாகப் போய் எழுதிய குடிக்கணக்குப் புத்தகத்தைக் குமாஸ்தா தூசி தட்டி எங்கள் முன் வைத்தார். எங்கள் தெரு இருந்தது, எங்கள் வீடு இருந்தது. கொள்ளுத்தாத்தா பெயர், வயது இருபத்திரண்டு. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு சொற்கள்.

"ஆன்ஃபான் த்ரூவே" என்று உரக்கப் படித்தேன். "அப்பா, கண்டெடுத்த புள்ளன்னு போட்டிருக்கு!"

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "நகல் எழுதித் தரட்டுமா?"

"வேணாம் முசியே" என்றார் அப்பா.

திரும்பும் வழியில் அவர் விடுவிடென்று முன்னால் நடந்தார். அவ்வளவு நன்றாகப் படித்தும் ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்று எனக்குக் கோபம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாப்பிள்ளையின் பெரியப்பா நாலு பேரோடு வந்து காகிதத்தைக் கேட்டார்.

"அந்தப் பக்கம் பூரா கரையான் தின்னுட்டுது" என்றார் அப்பா.

என்னால் பொறுக்க முடியவில்லை. "இல்லியே, நான் படிச்சேனே!" என்று கூடத்து நடுவில் போய்க் கைகட்டி நின்று, பெயர், வயது, அந்த இரண்டு சொற்கள், அவற்றின் தமிழ் அர்த்தம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"நல்லா படிக்குது புள்ள" என்று பெரியப்பா எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். "அப்பறம் சொல்லி அனுப்பறோம்."

சொல்லி அனுப்பவில்லை. அத்தை கடைசி வரை எங்கள் வீட்டிலேயே இருந்தாள்.

அன்று அவர்கள் தெருமுனை தாண்டியதும் அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். அத்தைதான் குறுக்கே வந்தாள். "வுடுண்ணா. இருந்தத தான சொன்னா" என்றாள். பிறகு என்னைச் சமையலறைக்கு அழைத்துப்போய், வந்தவர்களுக்காக இரண்டு நாளாகச் சுட்டு வைத்திருந்த அதிரசத் தட்டை அப்படியே என் முன்னால் நகர்த்தினாள். அந்த வீட்டில் என் படிப்பின் அருமை அவள் ஒருத்திக்காவது தெரிகிறதே என்று எண்ணிக்கொண்டு நான் ஒவ்வொன்றாகத் தின்றேன்.