முதலில் பேனலின் முகத்தைப் பார்

வெயில் நன்றாக எறிக்கிறது, ஆனால் மீட்டர் ஏறவில்லை. இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய பயம் வேறு இல்லை. மழைக்கு ஏறாவிட்டால் வானத்தைத் திட்டிவிட்டுப் போகலாம். அன்றைக்கு அப்படியும் சொல்ல வழியில்லை. மெல்பேணின் ரோவில் பகுதியில், ஒரு வியாழக்கிழமை காலை, முகில் துண்டு ஒன்றுகூட இல்லாத வானத்தின் கீழ் நின்று என் சோலார் பேனல்களின் சார்ஜ் கொன்ட்ரோலரைப் பார்க்கிறேன். இரண்டாயிரம் வாட்டுக்கு மேல் காட்ட வேண்டிய நேரத்தில் ஐந்நூறு காட்டுகிறது. தட்டிப் பார்த்தேன். நானூற்றி எண்பதுக்கு இறங்கியது.

தட்டில் எட்டு சைக்கிள் பற்றரிகள் வரிசையாக இருந்தன. எல்லாம் வெறுமை. அடுத்த நாள் மத்தியானம் அந்த எட்டையும் நம்பித்தான் மலர் என்ற பெண்ணின் தொழில் ஓட வேண்டும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம்

எனக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பு இல்லை. அதை மறைக்கிற பழக்கமும் இல்லை. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் சைக்கிள் திருத்தினேன். மெல்பேணுக்கு வந்து தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். பிறகு என் கராஜில் மறுபடி சைக்கிள் திருத்தினேன். எலெக்ட்ரிக் சைக்கிள் வந்தபோது மற்றக் கடைக்காரர்கள் "இது விளையாட்டுச் சாமான்" என்றார்கள். நான் ஒன்றை வாங்கி, கழற்றி, பூட்டி, மறுபடி கழற்றினேன். இன்றைக்குக் கிளென் வேவர்லியில் இருந்துகூட என்னைத் தேடி வருகிறார்கள் என்றால் அது சும்மா வந்த பேர் இல்லை.

சோலாருக்கு நான் போன காரணம் எளியது. மோட்டர் பழுதோடு வந்தவர்களைவிட, "அங்கிள், சார்ஜ் பண்ண இடமில்லை" என்று வந்தவர்கள்தான் அதிகம். பிளாட்டில் இருப்பவர்கள் பற்றரியை வீட்டுக்குள் சார்ஜ் பண்ணக்கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுகிறார். நெருப்புப் பயம். அது நியாயமான பயம்தான். மனிதர் படுக்கும் கூரையின் கீழ் லிதியம் பற்றரி சார்ஜில் கிடக்கக்கூடாது என்று நானே ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறவன்.

எனவே ஒரு செடி நேர்சரியின் பின்வளவில் மூலையொன்றை வாடகைக்கு எடுத்தேன். அங்கே கரண்ட் இல்லை. பழைய கப்பல் கொன்டெய்னர் ஒன்றை இறக்கினேன். பக்கத்தில் இரும்புச் சட்டம் அடித்து எட்டு சோலார் பேனல் பூட்டினேன். வயரிங்குக்கு மட்டும் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீசியனைப் பிடித்தேன். மற்றதெல்லாம் என் கை. பகலில் வெயில் பெரிய சேமிப்புப் பற்றரியை நிரப்பும், அதிலிருந்து சைக்கிள் பற்றரிகள் ஏறும். நடக்க முடியாமல் மொபிலிட்டி ஸ்கூட்டரில் வருகிற கிழடுகளும் உண்டு. நானும் கிழடுதான், ஆனால் நான் நடக்கிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள். ஊரில் பேனலைத் தெற்கே பார்க்க வைப்பார்கள். இங்கே சூரியன் வடக்கால் போகிறான், பேனலும் வடக்கே பார்க்க வேண்டும். என் வளவில் வடக்குப் பக்கம் கம்பி வேலி. பேனலின் முகம் வேலியைப் பார்க்கிறது, முதுகு கொன்டெய்னரைப் பார்க்கிறது. வேலிக்கும் பேனலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு மெல்லிய ஆள் பக்கவாட்டாகப் போகத்தான் காணும். என் உடம்புக்குக் காணாது. மாதம் ஒருக்கால் முதுகுப் பக்கம் ஏணி வைத்து, நீளத் தடிப் பிரஷை மேலால் விட்டுக் கழுவுவேன். இந்த விவரத்தை மறக்க வேண்டாம்.

மலரின் வெள்ளிக்கிழமை

மலர் மதுரைப் பெண். கம்ப்யூட்டர் வேலை செய்தவள். அந்த வேலை போனது. வேறு வேலை தேடி அலுத்து, சமையலில் இறங்கினாள். தனியே இருக்கும் நம் முதியவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு சுடச்சுடக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் தொழில். பெட்டி வைத்த நாலு கார்கோ சைக்கிள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பற்றரி. அவளோடு இன்னும் மூன்று பெண்கள் ஓட்டினார்கள். மூவருக்கும் கார் லைசென்ஸ் இல்லை. சைக்கிள் இல்லையென்றால் வேலையும் இல்லை.

முதியோர் சங்கம் ஒன்று தங்கள் ஆட்கள் எல்லோருக்கும் சாப்பாடு கொடுக்க ஆள் பார்த்தது. வான் வண்டி வைத்திருந்த ஒரு கம்பனியும் கேட்டது. சங்கத்து அம்மாக்கள் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார்கள். அன்றைக்கு அவர்களே வீடுகளில் இருந்து பார்ப்பார்கள். நேரத்துக்கு, சூட்டோடு வந்தால் மலருக்கு. இல்லாவிட்டால் வானுக்கு.

சங்கக் கூட்டத்தில் ஒரு அம்மா, "சைக்கிள் நடுவழியில நிண்டா என்ன செய்யிறது?" என்று கேட்டா. நான் எழும்பி, "சூரியன் இருக்கிற வரைக்கும் உங்கட சோறு வரும். அதுக்கு நான் பொறுப்பு" என்றேன். கை தட்டினார்கள்.

எட்டுக்கும் ஒரே வருத்தம்

அந்தக் கிழமை தொடக்கத்தில், திங்களன்று, ஆயுத பூசை வந்தது. எங்கள் பக்கம் சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் வைப்பதோடு சரி. மலரின் ஊரில் அன்றைக்குத் திருகாணிக்குக்கூடப் பொட்டு வைப்பார்களாம். பின்னேரம் கூட்டாளிப் பெண்களோடு வந்தாள். சைக்கிள்களுக்கு மாலை, சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம், என் ஸ்பானர்களுக்குச் சந்தனம். எனக்குச் சுண்டல் தந்தார்கள். நான் கதிரையில் இருந்து சாப்பிட்டேன். நல்ல சுண்டல்.

அடுத்த இரண்டு நாளும் மெல்பேண் தன் குணத்தைக் காட்டியது. மூட்டம், இடையிடை தூறல். வாட் குறைவாகத்தான் வந்தது. முகில் என்று விட்டுவிட்டேன். சேமிப்பில் இருந்ததையும் சைக்கிள்கள் குடித்து முடித்தன. வியாழன் வெயில் வந்தது, வாட் வரவில்லை.

கொன்ட்ரோலரை நிறுத்தித் திரும்பப் போட்டேன். கனெக்டர் ஒவ்வொன்றையும் பார்த்தேன், சூடு இல்லை, கருகவில்லை. எலெக்ட்ரீசியனுக்குப் போன் எடுத்தேன். அவன் கிரேக்கன், நல்ல பெடியன். "அடுத்த கிழமை வரட்டா?" என்று கேட்டான். அடுத்த கிழமை வந்து என்னத்தைச் செய்வது?

மனைவி ராணிக்கு எடுத்தேன்.

"இஞ்ச பாரும், இண்டைக்கு மட்டும் இந்தப் பற்றரியளைக் கொண்டுவந்து கராஜில..."

"ஒண்டும் வீட்டுக்க வரக்கூடாது. ஆர் சொன்னது? நீங்கள்தான் சொன்னது. கோயில்ல மைக்கில சொன்னனீங்கள்."

"அது சரி, ஒரு இரவுக்கு..."

"ஒரு இரவுதான் நெருப்புக்குக் காணும் எண்டும் நீங்கள்தான் சொன்னனீங்கள்." போனை வைத்துவிட்டா.

மலர் பதினொரு மணிபோல வந்தாள். கொன்ட்ரோலரைப் பார்த்தாள். அவளுக்கு அந்த எண்கள் விளங்கும்.

"அங்கிள், இது என்ன? வெயில் இப்படிக் கொளுத்துது."

"பாத்துக்கொண்டிருக்கிறன், பிள்ளை."

"நாளைக்குத்தான் அங்கிள்."

"தெரியும்."

"வேற எங்கயாவது சார்ஜ் போட..."

"எட்டுப் பற்றரியை ஆர் வீட்டில போடுவாய்? உன்ர பிளாட்டிலயோ?"

அவள் போனை எடுத்தாள். யாரிடமோ வான் ஒன்று இரவலுக்குக் கிடைக்குமா என்று கேட்டாள். அதை ஓட்ட ஒருவர், நேரம் தப்பாமல் அத்தனை வீட்டுக்கும் போக ஒருவர் கிடைப்பாரா என்றும் கேட்டாள். சைக்கிள் என்று சொல்லிச் சங்கத்தைப் பிடித்தவள், வானில் போய் இறங்கினால் வான் கம்பனிக்கே கொடுத்துவிடுவார்கள். மற்ற மூன்று பெண்களும் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

நான் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை எடுத்தேன். முதுகுப் பக்கம் குனிந்து, ஒவ்வொரு பேனலாக வயரைக் கழற்றி ஆம்ப்ஸ் பார்த்தேன். முதலாவது குறைவு. இரண்டாவதும் அதே குறைவு. எட்டாவது வரைக்கும் அப்படித்தான். அப்போதுதான் என் தலை வேலை செய்யத் தொடங்கியது. ஒரு பேனல் செத்திருந்தால் செத்தது என்று சொல்லலாம். எட்டுப் பேருக்கும் ஒரே நாளில் ஒரே வருத்தம் வராது. யாரோ எட்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

"மலர், போன கிழமை நல்லா ஏறினது. பிறகு இந்த வளவில என்ன மாறினது?"

"ஒண்ணும் மாறலையே. நாங்க வந்து பூஜை பண்ணோம், அவ்வளவுதான்."

"பொட்டு எதுக்கெல்லாம் வைச்சனீங்கள்?"

"எல்லாத்துக்கும்தான்."

"எல்லாத்துக்கும் எண்டா?"

"சைக்கிள், டூல்ஸ், கதவு, அப்புறம்..." நிறுத்தினாள். "அங்கிள், பேனல்தானே நமக்கு முதல் ஆயுதம்."

"எங்க வைச்சனி?"

"முன்னாடிதான். கண்ணாடி மேல. சாமி படத்துக்கு வைக்கிற மாதிரி."

நான் வேலிப் பக்கம் ஓடினேன். உள்ளே போக முடியவில்லை. தலையை மட்டும் நீட்டிப் பார்த்தேன். எட்டுப் பேனலும் எட்டுச் சாமி படம்போல நின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் குறுக்காக, கையகலத்தில் மூன்று சந்தனப் பட்டை. நடுவில் எலுமிச்சம்பழ அளவு குங்குமம்.

"தூறல்லயும் போகேல்லையே, இது என்ன சாமான்?"

"காத்துல உதிரக்கூடாதுன்னு சந்தனத்துல நல்லெண்ணெய் விட்டுக் குழைச்சேன், அங்கிள்." முகம் வெளிறியது. "ஆனா கொஞ்ச இடம்தானே மறைஞ்சிருக்கு?"

இளையவர்கள் இதைக் கேளுங்கள். பேனலுக்குள் இருக்கும் செல்கள் ஒன்றோடொன்று தொடுத்தவை. சைக்கிள் செயினில் ஒரு கண்ணி இறுகினால் முழுச் செயினும் இழுபடும். அதுபோல ஒரு வரிசை செல்லை மறைத்தால், அதோடு தொடுத்திருக்கும் மற்றச் செல்லும் கொடுக்க முடியாமல் நிற்கும். கொஞ்ச இடம் மறைந்தால் கொஞ்சம்தான் குறையும் என்பது கணக்கில்லை.

வாட் ஏறிய விதம்

உடனே பைப்பைத் திருப்பி அடிக்காதீர்கள். வெயிலில் கிடந்த கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்கவும் கூடும். வயர் கழற்றியதெல்லாம் மூடிக் கட்டி, நேர்சரிக்காரரிடம் கேட்டு இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்தேன். பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் விட்டேன். துடைக்க, கொன்டெய்னரில் கிடந்த, இடுப்பில் கட்டும் என் பழைய சாரத்தை இரண்டாகக் கிழித்தேன். இடைவெளிக்குள் போகக்கூடியவள் மலர்தான். வாளியை நான் வேலிக்கு மேலால் கொடுத்தேன்.

"மன்னிச்சிரு சாமி" என்று சொல்லிச் சொல்லித் துடைத்தாள்.

"சாமியிட்டப் பிறகு கேள். மூலையையும் துடை."

"என் மேல கோவமா அங்கிள்?"

"கோவம் இருக்கு. வாட் வரட்டும், பிறகு பாப்பம்."

எட்டையும் திரும்பக் கொழுவினேன். இருவரும் கொன்ட்ரோலருக்கு முன்னால் நின்றோம். அறுநூறு. ஆயிரத்து இருநூறு. இரண்டாயிரம். இரண்டாயிரத்து நானூறில் போய் நின்றது. மலர் கதிரையில் இருந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கதிரை இல்லாததால் வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தேன். நெஞ்சில் கிடந்த கல் இறங்குவது என்று சொல்வார்களே, அன்றைக்குத்தான் அதன் பாரம் தெரிந்தது.

பின்னேர வெயில் முழுக்க எங்களுக்கு. பொழுது சாய முன் எட்டுப் பற்றரியிலும் பச்சை லைட். அன்றைக்கு மட்டும் ராணி தேநீரும் வடையும் கொண்டு வளவுக்கே வந்தா. கதை முழுவதும் கேட்டுவிட்டு, "பிள்ளை பக்தியாச் செய்தது. மீட்டரைப் பாத்துக்கொண்டு நிண்ட ஆள் ஒருக்கா முன்னுக்குப் போய்ப் பாத்திருக்கலாம்" என்றா. வடை நல்லாயிருந்தது என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை நாலு சைக்கிளும் வெளிக்கிட்டன. நான் வளவில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் போன் அடித்தது, கூட்டத்தில் கேள்வி கேட்ட அதே அம்மா.

"தம்பி, சாம்பார் வாயைச் சுட்டுப்போட்டுது" என்றா.

"அது முறைப்பாடோ, அன்ரி?"

"இல்லை. ஆறப்போட்டுச் சாப்பிடுறன். வாற மாசம் முழுக்க அனுப்பச் சொல்லுங்கோ."

மலருக்கே கிடைத்தது. இப்போது நாலு சைக்கிள் ஏழாகிவிட்டது. பேனலும் கூட்டியிருக்கிறேன். புதுச் சட்டத்தை வேலியில் இருந்து தள்ளிப் போட்டேன், என் அளவுக்கு இடைவெளி விட்டு.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெயில் இருந்தும் வாட் வராவிட்டால் முதலில் வயரைத் திறக்காதே. முன்னால் போய்ப் பேனலின் முகத்தைப் பார். பறவை எச்சமோ, இலையோ, பூந்தாதோ, அல்லது அன்பாக யாரோ பூசிய சந்தனமோ. நோய் பாதி நேரம் முகத்திலேயே எழுதியிருக்கும். இதை எந்த மீட்டரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அடுத்த ஆயுத பூசைக்கும் மலர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். பேனலுக்கு முன்னால் தயங்கி நின்றாள். நான் இரும்புச் சட்டத்தின் காலைக் காட்டினேன். எல்லாக் காலுக்கும் குனிந்து பொட்டு வைத்தாள். பிறகு மிச்சச் சந்தனத்தோடு என்னிடம் வந்தாள்.

"நெத்தியைக் காட்டுங்க அங்கிள், நீங்களும் ஒரு ஆயுதம்தான்." வைத்துவிட்டு என் வழுக்கைத் தலையைப் பார்த்தாள். "மேல வைக்கல. அங்க நல்லா வெயில் படுது, வாட் குறைஞ்சிடும்."

கூட வந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் கொன்ட்ரோலரைப் பார்த்தேன். இரண்டாயிரத்து எண்ணூறு.