எங்கள் வீட்டுக்குப் பச்சைப் பொட்டு

எங்கள் வீட்டில் சாப்பிடும் நேரத்தில் பன்றி என்ற சொல்லைக்கூட எடுக்க முடியாது. அம்மா சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழும்பிவிடுவார். அப்படிப்பட்ட வீட்டின் வாசற்படலையில் நின்றுதான், சைக்கிளில் வந்த ஒரு பெண், "பண்டி இறைச்சி சாப்பிடுறனீங்களோ?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது எட்டு வயது. சாப்பாட்டால் பரவும் புழுநோய் எந்தெந்தத் தெருவில், எந்தெந்த ஒழுங்கையில் இருக்கிறது என்று ஊர்ப்படத்தில் குறித்துக்கொண்டு போவது அவருடைய வேலை. அந்தப் பெரிய தாளில் ஒவ்வொரு வீடும் ஒரு சின்னச் சதுரம். நோயாளி உள்ள வீட்டுக்குச் சிவப்புப் பொட்டு ஒட்டுவார், இல்லாத வீட்டுக்குப் பச்சை.

"நாங்கள் சுத்த சைவம், பிள்ளை. உதுகளைக் கடற்கரைப் பக்கம் போய்க் கேளுங்கோ," என்றார் அம்மா.

"பச்சைக் கீரை சாப்பிடுவியளோ?"

"வல்லாரைச் சம்பல் இல்லாமல் எங்கடை வீட்டிலை சோறு இறங்காது."

அம்மாவுக்கு அதில் பெருமை. படிக்கிற பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி வேண்டுமென்று, கிணற்றடி வாய்க்கால் ஓரத்து வல்லாரையைப் பச்சையாக அரிந்து, தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப்புளியும் சேர்த்துத் தருவார். மழைக்குப் பக்கத்து வளவின் கக்கூசுக் குழி நிரம்பி வழிந்தால் அந்த வாய்க்காலில்தான் வந்து சேரும். அதை யாரும் யோசிக்கவில்லை.

"ஆருக்கும் வலிப்பு வாறதோ, அம்மா?"

"இல்லை."

தம்பி உள்ளே அறையில் படுத்திருந்தான். அன்று காலையில்தான் அவனுக்குக் கைகால் இழுத்து, அம்மா இரும்புச் சாவிகள் தொங்கும் திறப்புக் கோர்வையை அவன் கைக்குள் திணித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அப்போது கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். வலிப்புக்காரக் குடும்பம் என்று கதை வெளிக்கிட்டால் மாப்பிள்ளை வீட்டார் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். யார் கேட்டாலும் தம்பிக்குக் காய்ச்சல் என்று சொல்லும்படி எனக்கும் சொல்லி வைத்திருந்தார்கள்.

அந்தப் பெண் பொட்டுத் தாளை என்னிடம் நீட்டினார். "உங்கடை வீட்டுக்கு நீங்களே ஒட்டுங்கோவன்."

அம்மாவைப் பார்த்தேன். அவர் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சையை எடுத்து எங்கள் சதுரத்தில் பிசகாமல் ஒட்டினேன். சோதனையில் முதலாம் பிள்ளையாக வந்தது போல இருந்தது.

அடுத்த மாதம் மருந்து கொடுப்பவர்களும் கிணறு சோதிப்பவர்களும் சிவப்பு விழுந்த ஒழுங்கைகளுக்குப் போனார்கள். எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை. எங்களுக்கு ஒன்றுமில்லை என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அக்காவின் கலியாணம் குறையில்லாமல் நடந்தது. இரண்டு வருடம் கழித்துத் தம்பி பள்ளிக்கூடத்தில் விழுந்தான். அந்த வலிப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகும் நிற்கவில்லை. தலையைப் படம் பிடித்துப் பார்த்த டொக்டர், மூளையில் நாடாப்புழுவின் கட்டிகள் இருப்பதாகச் சொன்னார்.

"நாங்கள் சைவம், டொக்டர்," என்றார் அம்மா. இந்த முறை குரலில் பெருமை இல்லை.

"பண்டி தின்னத் தேவையில்லை, அம்மா. வயித்திலை புழு உள்ள ஒராளின்ரை கழிவு கீரையிலை பட்டாலே காணும். முந்தியே காட்டியிருந்தால்…"

மருந்தில் வலிப்பு அடங்கியது. படிப்பு மட்டும் தம்பிக்குத் திரும்பி வரவேயில்லை. இப்போது இருபது வயது தாண்டியும் பஸ்ஸின் பெயர்ப்பலகையை அவனால் வாசிக்க முடியாது. அதை இன்றும் என்னால் தாங்க முடிவதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கூட்டிவந்த நாளில், பஸ்ஸில் அம்மா என் காதருகே குனிந்தார்.

"அண்டைக்கு அந்தப் பச்சைப் பொட்டை ஒட்டினது நான். நீயில்லை. விளங்குதோ?"

அம்மாவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்தேன்.

"இல்லையம்மா, நான்தான் ஒட்டினனான். நீங்கள் கிணத்தடியைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

அம்மா தம்பியின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டார். நான் காலம் முழுக்கச் சுமக்கப்போகும் ஒன்றை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளத்தான் அவர் குனிந்தார் என்பது பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை.