பாவில் போன புரோட்டீன்

எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லைக்கூட மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். அப்பா அவ்வளவு சுத்த சைவம். நெற்றி நிறைய விபூதி பூசாமல் தறியில் உட்கார மாட்டார். கேக்கில் முட்டை சேர்க்கிறார்கள் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து என் பிறந்தநாளுக்கு ஜாங்கிரிதான். அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு என் அத்தை போலீஸ் வேலைக்கு ஆசைப்பட்டாள்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. எழுத்துத் தேர்வையெல்லாம் ஊதித் தள்ளிவிடுவாள். ஓட்டத்தில்தான் வம்பு. முந்தின முறை நானூறு மீட்டரின் கடைசி வளைவில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். உடம்பில் ரத்தமே இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "இந்த ஒரு வாட்டிதான். இதுலயும் வரலன்னா ஆரணி மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிடணும்" என்று அப்பா தீர்ப்புச் சொல்லியிருந்தார். ஆரணி மாப்பிள்ளை நல்லவர்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அத்தை மட்டும் சொல்லவில்லை.

அம்மாவுக்கும் அத்தைக்கும் ஏழாம் பொருத்தம். விடியலில் அத்தை ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினால், "வாசல் தெளிக்க ஆள் இல்ல, ஊரைச் சுத்தி ஓட மட்டும் ஆள் இருக்குது" என்று அம்மா அடுப்படியிலிருந்தே ஆரம்பித்துவிடுவாள். அத்தையும் சளைத்தவள் இல்லை. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. இரண்டு பேர் பக்கமும் மாறி மாறி இருந்துகொண்டு, இரண்டு பேரிடமும் தின்பண்டம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

மைதானத்தில் பயிற்சி கொடுத்த மாஸ்டர் அத்தையின் போனுக்கு ஒரு சாப்பாட்டுப் பட்டியல் அனுப்பினார். காலையில் நாலு முட்டை என்று அது தொடங்கியது. அத்தை அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். முட்டை முடியாது என்றால் புரோட்டீன் பவுடராவது சாப்பிடு என்றார் மாஸ்டர். நெய்து சேர்த்த காசையெல்லாம் கொட்டி அத்தை ஒரு டப்பா வாங்கி வந்தாள். கறுப்பு டப்பா. குடம் அளவு இருந்தது. அதன்மேல் சட்டை போடாத ஒரு ஆள் தோளை முறுக்கிக்கொண்டு நின்றான். அந்த ஆளை எங்கள் வீட்டுக்குள் வைத்துக் குடித்தனம் செய்ய முடியாது. அதோடு, அந்தப் பவுடரை மாட்டு எலும்பில் செய்கிறார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு வேறு இருந்தது. அது பாலிலிருந்து எடுப்பது என்று அத்தைக்குத் தெரியும். அப்பாவிடம் போய் விளக்குவதற்குத்தான் தைரியம் இல்லை.

ஆகவே பவுடரைப் பழைய பிஸ்கட் டின் ஒன்றில் கொட்டி, தறிக்கூடத்து அலமாரியில் மற்ற டின்களோடு வைத்துவிட்டாள். அதற்குப் பக்கத்தில்தான் பாவுக்குக் கஞ்சி காய்ச்சும் அரிசிமாவு டின்னும் இருந்தது. பாவு என்பது தறியில் ஏற்றும் நீள இழைகள். ஏற்றுவதற்கு முன் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, காயவைக்க வேண்டும். அந்த அலமாரியைத் தொடுகிறவள் அம்மா ஒருத்திதான், அவளுக்கு எந்த டின்னில் எது என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும் என்று அத்தை கணக்குப் போட்டாள். நான் பார்த்துவிட்டதால் என்னிடம் சத்தியம் வாங்கினாள். "உயிரே போனாலும் யாருகிட்டயும் சொல்லக் கூடாது பாப்பா." அதற்குக் கூலி, தினம் ஒரு விரல் பவுடர். வெனிலா ஐஸ்கிரீமைக் காயவைத்து இடித்ததுபோல இருக்கும். நான் ஒரு விரலோடு நிறுத்தினேன் என்று சொன்னால் அது பொய்.

தேர்வுக்குச் சரியாக மூன்று வாரம் இருந்தபோது அது நடந்தது. அன்று விடிந்ததும் பாவுக்குக் கஞ்சி போட வேண்டும். கஞ்சி காய்ச்சுவது எப்போதும் அம்மாதான். அன்றைக்கு அம்மா கொல்லைப்புறத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். பித்தம் என்றாள், நானும் பித்தம் என்று நம்பினேன். அத்தை ஓடப் போயிருந்தாள். வேறு வழியில்லாமல் அப்பாவே அடுப்பைப் பற்றவைத்து, அலமாரியைத் திறந்து, நேராக அந்த பிஸ்கட் டின்னை எடுத்தார்.

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் உயிரே போனாலும் சொல்லக் கூடாது என்பது சத்தியம். யார் உயிரும் போகவில்லை, பவுடர்தான் போய்க்கொண்டிருந்தது. நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, அது மொத்தமும் கொதிக்கிற தண்ணீரில் விழுவதைப் பார்த்தேன். எனக்கு என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

கஞ்சி திரிந்துபோனது. "மாவுல இன்னாத்தையோ கலந்து வுட்டிருக்கானுங்க" என்று அப்பா மாவு மில்காரரைத் திட்டிக்கொண்டே வடிகட்டினார். தெருவில் பாவை இழுத்துக் கட்டி, பக்கத்து வீட்டுக்காரர்கள் வழக்கம்போல உதவிக்கு வந்து, முழுக்கத் தடவியும் முடித்தார்கள். வெயில் ஏற ஏறத் தெருவே ஐஸ்கிரீம் கடைபோல மணத்தது. முதலில் எறும்பு வந்தது. அப்புறம் ஒரு நாய் வந்து, அரக்குச் சிவப்புப் பட்டு இழையை ஆசை ஆசையாக நக்கியது. அதை விரட்டுவதற்குள் அடுத்த நாய். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றை கற்றையாக நின்றன. அப்பா ஓடிப்போய்க் காலி டின்னை மோந்து பார்த்தார்.

"இது யாரு வெச்சது?"

அத்தை அந்த நேரம் பார்த்து வாசலுக்கு வந்து சேர்ந்தாள். டின்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் அம்மா முந்தானையில் வாயைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"நான்தாங்க வெச்சேன். டாக்டரம்மா எனக்கு எழுதிக் குடுத்த சத்துப் பவுடரு. உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."

அப்பா அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தார். கத்தப்போகிறார் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவரோ டின்னைக் கீழே வைத்துவிட்டு, "சரி, நீ போய் உக்காருமா" என்றார். அவ்வளவுதான். பாவைக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். அத்தைதான் பாதிக் குடம் சுமந்தாள். இழைகள் பிழைத்தன. இரண்டு நாள் வேலை போயிற்று.

அன்று சாயங்காலம் அத்தை அடுப்படியில் நின்று, "ஏன் அண்ணி பொய் சொன்னீங்க?" என்று கேட்டாள். அம்மா அரிசி களைவதை நிறுத்தவில்லை. "உங்க அண்ணன் நல்லா இருக்கும்போதே எகிறிக் குதிப்பாரு. இன்னிக்குக் கேக்கணுமா?" என்றாள். அம்மா இவ்வளவு அழகாகப் பொய் சொல்வாள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அத்தையைவிட எனக்குத்தான் வாய் பிளந்துபோனது.

அந்தப் பொய்யால் வீட்டுக்குச் சத்து வந்தது. மறுநாளே அப்பா அம்மாவுக்கென்று அரை லிட்டர் பால் கூடுதலாகச் சொன்னார். பேரீச்சம்பழம், வேர்க்கடலை, கறுப்பு எள்ளுருண்டை என்று ஒவ்வொன்றாக வந்தன. மருந்துக் கடையிலிருந்து இரும்புச்சத்து மாத்திரையும் வந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது, "சாப்ட்டியா? மாத்திரை போட்டியா?" என்று கேட்பார். "ஆச்சுங்க" என்பாள் அம்மா. எல்லாம் அத்தையின் வயிற்றுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் ஓடிவிட்டு வந்ததும் அம்மா அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, எதிரே நின்று குடிக்கவைப்பாள். "நீங்க கொஞ்சம் எடுத்துக்கோங்க அண்ணி" என்று அத்தை ஒருமுறை டம்ளரை நீட்டினாள். "பால் வாசனையே எனக்கு ஆவுறதில்ல. வாயைத் தொறக்காம குடிச்சிட்டுப் போ" என்றாள் அம்மா. வாயைத் திறக்காமல் எப்படிக் குடிப்பது என்று நான் கேட்டதற்குத் தலையில் ஒரு குட்டு விழுந்தது. இல்லாத டாக்டரை வைத்து அம்மா அப்பாவை ஏமாற்றுகிறாள் என்று அத்தை நம்பினாள். அத்தை நம்பியதையே நானும் நம்பினேன். மூன்று பேரும் சேர்ந்து ஒருவரை ஏய்ப்பதில் எவ்வளவு சந்தோஷம் இருக்கிறது! அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டில் சண்டையே இல்லை. இன்றைக்கும் வேர்க்கடலை வறுக்கிற வாசனை வந்தால் எனக்கு அந்த அடுப்படிதான் ஞாபகத்துக்கு வருகிறது, மனசு இளகிவிடுகிறது.

தேர்வன்று அத்தை மத்தியானம் திரும்பி வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டிருந்தாள். "பாஸாயிட்டேன் அண்ணி! கடைசி வளைவுல ரெண்டு பேரைத் தாண்டிக்கினு வந்தேன்!" தறிக்கூடத்தில் இழை சுற்றிக்கொண்டிருந்த அம்மா வேகமாக எழுந்தாள். எழுந்தவள் தறிக்கம்பத்தைப் பிடித்தாள். பிடித்த கை நழுவி, அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். உதடு வெள்ளையாக இருந்தது.

அத்தை பக்கத்தில் மண்டியிட்டாள். அம்மாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணி... டாக்டரம்மா சொன்னது நெஜமா?"

"கத்தாத. மூணு மாசம் ஆவுது. அண்ணனுக்குத் தெரியும்."

"அப்போ அந்தப் பாலு, மாத்திரை..."

"இன்னும் ஆறு மாசம் இருக்குது, நான் சாப்ட்டுக்குவேன். உனக்கு மூணு வாரந்தானே இருந்துச்சு."

அத்தை அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். அம்மா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். தம்பி வரப்போகிற செய்தியை எனக்கு அடுத்த மாதம்தான் சொன்னார்கள். அன்று எனக்குப் புரிந்ததெல்லாம், இத்தனை நாள் இல்லாமல் இருந்த சண்டை மறுபடி ஆரம்பித்துவிட்டது, அதுவும் இப்படி ஒரு நல்ல நாளில், என்பதுதான். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர்களை அப்படியே விட்டுவிட்டு, என் அத்தை போலீஸ் ஆகிவிட்டாள் என்று வீடு வீடாகச் சொல்ல ஓடினேன்.