பூட்டிய வீட்டில் உம்மாவின் குரல்

என்னோடு கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை செய்யும் ரஃபீக், பழவேற்காட்டில் தான் பிறந்த வீட்டைப் பார்க்க இன்று என்னைக் கூட்டிப்போனான். கப்பல் வியாபாரம் செய்த குடும்பத்தின் பழைய வீடு. உம்மா இறந்ததும் அவன் அண்ணன்கள் அதை மியூசியமாக்கக் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் அவன் அங்கே போனதேயில்லை.

சமையலறைக்குள் கால் வைத்தோம்.

"கை கழுவிக்கினு வாடா, சோறு ஆறுது" என்றது ஒரு பெண் குரல்.

"தோ வரேன் உம்மா" என்றான் ரஃபீக்.

சொன்ன பிறகுதான் அவன் முகம் வெளுத்தது. கயிறு கட்டித் தடுத்த அடுப்பும் பீங்கான் தட்டுகளும் தவிர உள்ளே யாருமில்லை.

காவலுக்கு இருந்த அக்கா ஓடிவந்தார். "பயப்படாதீங்க சார். அந்தம்மா உயிரோட இருந்தப்போ பெரிய பையன் ரெக்கார்டு பண்ணி வெச்சிருந்தது, மியூசியத்துக்குக் குடுத்தாரு. ஆள் வந்தா சென்சார்ல தானா பேசும்."

"இவன் அவங்க பையன்" என்றேன்.

அந்த அக்கா மெதுவாகச் சொன்னார்: "ஊட்டைப் பூட்டினப்புறமும் சில நாள் பேசுது சார். எலி ஓடுதோ இன்னாவோ. ஆஃப் பண்ணிடட்டுமா?"

ரஃபீக் வேண்டாமென்று தலையாட்டினான். வெளியே போய் மறுபடி உள்ளே வந்தான். குரல் கூப்பிட்டது. பதில் சொன்னான். மறுபடி வெளியே போனான். நான் கூடத்திலேயே நின்றுவிட்டேன்.

திரும்பும் வழியில் புதுவாயலில் டீ குடித்தோம்.

"பூட்டின ஊட்ல அது யாரைடா கூப்டுது?" என்று கேட்டான்.

எலிதான் என்று சொல்லிவைத்தேன். உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றினால் கீழே எழுதுங்கள். அவனும் இதைப் படிப்பான், கொஞ்சம் பார்த்து எழுதுங்கள்.