வரப்புக்குப் போன எண்பத்தேழு எம்பி

ரஞ்சனியின் கடையில் இன்னும் சிடி எழுதுகிறார்கள் என்றால் சேலத்துக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவருக்கு சிடியை விட்டால் பிழைப்பு பாதி போய்விடும். போனில் எடுத்த வீடியோ சாட்சியாகப் போக வேண்டுமென்றால் வக்கீல்கள் அவரிடம்தான் அனுப்புகிறார்கள். சிடியில் ஏற்றி, எதிலிருந்து எப்போது எடுத்தது என்று கையெழுத்தும் போட்டுக் கொடுப்பார். எடப்பாடியில் தறி ஓட்டும் குடும்பம். எட்டரை பஸ்ஸில் வந்து இறங்குவார். பக்கத்தில் பத்திரம் எழுதும் எனக்குத் தெரிந்து, யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. தலையை லேசாக ஆட்டுவார். முடியாது என்று அர்த்தம்.

அந்தத் தலையாட்டலுக்கு மசியாத ஒரே ஆள் தங்கசாமி. குச்சிக்கிழங்கு விவசாயி. அவர் தோட்டத்துக்குப் போகும் வண்டித்தடத்தை அண்ணன் ராசப்பன் கம்பி வேலி போட்டு அடைத்துவிட்டார். அப்படியொரு தடமே கிடையாது என்று கோர்ட்டில் எழுதியும் கொடுத்தார். தடம் திறக்காவிட்டால் தங்கசாமியின் கிழங்கு லோடு வெளியே வராது; தோட்டம் இருந்தும் இல்லாத கதைதான்.

தடம் இருந்ததைக் காட்டும் முதல் வீடியோவோடு தங்கசாமி சிடியையும் தானே கொண்டுவந்தார். குலதெய்வத்தின் முன் வைத்துப் பூவாக்குக் கேட்ட சிடி. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம் கட்டிப் போட்டு எடுத்ததில் வெள்ளை வந்ததாம்; சாமி சரி சொல்லிவிட்டது என்று அர்த்தம். வழக்குக்குப் பூ கேட்பவர்கள் உண்டு. சிடியை வைத்துக் கேட்டவர் இவர் ஒருவர்தான்.

"எல்லாம் சேந்த பொறவு ஒண்ணா எழுதலாமுங்க" என்றார் ரஞ்சனி.

"நல்ல நாள்ல கொண்டாந்திருக்கறேன் அம்மிணி, இன்னைக்கே ஏத்து."

ஒவ்வொரு வீடியோ கிடைத்தபோதும் அதே பிடிவாதம். எட்டு மாதத்தில் ஆறு முறை எழுதி, எழுதியது மற்ற கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டுமென்று ஆறு முறையும் அந்தப் பகுதியை மூடினார் ரஞ்சனி.

தாக்கல் செய்யக் கடைசி நாளன்று காலையில்தான் ஏழாவது வந்தது. ஆறு வருஷத்துக்கு முன் இறந்துபோன அவர்கள் அம்மாவின் பாடை அந்தத் தடத்தில் போகிற வீடியோ. திருப்பூர் சொந்தக்காரர் ஒருவர் பழைய போனில் தேடி அனுப்பியிருந்தார். தொண்ணூற்றாறு எம்பி. சிடியில் மிச்சம் தொண்ணூற்று மூன்று.

"எழுநூறுன்னு போட்டிருக்குது. ஏழும் சேந்தே அறுநூத்திப் பதினாறுதான? மிச்சம் எங்க போச்சு?" கடையையே சந்தேகமாகப் பார்த்தார் தங்கசாமி.

"ஒவ்வொருக்கா மூடறப்பவும் கொஞ்சம் எடம் சும்மா உடோணுமுங்க. மொதத் தடவைக்கு இருவத்திரண்டு, அப்பறம் தடவைக்குப் பதிமூணு. ஆறு தடவைக்கு எம்பத்தேழு போயிருச்சு. ஒரே தடவையா எழுதியிருந்தா அது போயிருக்காதுங்க."

"பூமிய ஆறு துண்டாப் போட்டா வரப்புக்குப் போற மாதிரியா?"

"ஆமாங்க."

"அந்த வரப்ப அழிக்க முடியாதா?"

"இந்த சிடில முடியாதுங்க. புதுசுல ஏழையும் ஒரே மூச்சுல எழுதோணும்."

தங்கசாமி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். புதுசுக்கு வாக்கு இல்லை. கோயிலுக்குப் போய்வர நேரமும் இல்லை. வீடியோவை வெட்டக் கூடாது, சுருக்கக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். கடைசியில், ஏழாவது வேண்டாம், ஆறே போதும் என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ரஞ்சனி அந்த வீடியோவைப் பார்த்திருந்தார்.

"ஏனுங்கய்யா, நீங்க பூக் கேட்டது சிடிக்கா, தடத்துக்கா?" தெருவுக்கே கேட்டது அவர் குரல்.

தங்கசாமி எழுந்து வந்தார். புது சிடியை வாங்கிக் கண்ணில் ஒற்றித் திருப்பிக் கொடுத்தார். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது.

நாலு மாதம் கழித்து அதைக் கோர்ட்டில் போட்டுக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டவர் என்பதால் ரஞ்சனியையும் கூப்பிட்டிருந்தார்கள், நானும் போயிருந்தேன். முதல் ஆறு வீடியோவுக்கும் ராசப்பன் அசையவில்லை. அவர் வக்கீல் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னார். ஏழாவதில் பாடை தடத்துக்குள் திரும்பியது. முன்னால் தோள் கொடுத்துப் போனது ராசப்பனேதான்.

ராசப்பன் எழுந்து, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, திரையைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

எதற்காக எழுந்தீர்கள் என்று நீதிபதி கேட்டார்.

"எங்காத்தா போகுதுங்க" என்றார் ராசப்பன்.